மதியம் ஒன்றேகாலுக்கு வந்த விலங்கு

ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு, மாலை நான்கு மணி. அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில், எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தின் மூன்றாவது கட்டடத்தில், ஒரு நர்ஸின் வீட்டு ஹாலில் பதினோரு குடும்பங்கள் கூடினோம். முந்தின நாள் பெய்த பனி வெளியே அழுக்காகிக் கிடந்தது. அன்றைய நாட்குறிப்பில் "சுண்டல், காபி, நிறைய தயக்கம்" என்று எழுதியிருக்கிறேன். முப்பத்தொரு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து வரி. ஒரு நாளும் விட்டதில்லை.

நர்ஸுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அவர் போகும் சர்ச்சில் ஞாயிறு மதியம் ஸ்பானிஷ் பூசை உண்டு. அந்தப் பூசைக்கு வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள் என்று ஆரம்பித்தார். இரண்டு டவுன் தள்ளி, கார் கழுவும் இடம் ஒன்றில் குடியேற்றத் துறை அதிகாரிகள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதை நாங்கள் எல்லோருமே கேள்விப்பட்டிருந்தோம். நர்ஸ் எங்களிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அதிகாரிகள் வளாகத்துக்குள் வந்தால் விசில் ஊத வேண்டும்; விசில் கேட்டவர்கள் வெளியே வந்து நிற்க வேண்டும். வழி மறிக்கக் கூடாது, கத்தக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரன்ட் இல்லாவிட்டால் கதவைத் திறக்க வேண்டியதில்லை என்பதை அக்கம்பக்கத்தில் சொல்லிவைக்க வேண்டும்.

"பன்னண்டு வருஷமா கிரீன் கார்டு க்யூல நிக்கறோம் அக்கா. இதுல போய் எங்க பேரு வரணுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"விசில்ல பேரா எழுதியிருக்கு? ஊதிட்டு பாக்கெட்ல போட்டுக்கோங்க" என்றார் நர்ஸ்.

கேட்டவர் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நான் குடியுரிமை வாங்கிப் பல வருடமாகிறது. ஆனாலும் அந்தக் குளிர்காலம் முழுக்க, பால் வாங்கப் போகும்போதுகூட பாஸ்போர்ட்டைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

அத்தனை தயக்கத்தோடும் எல்லோரும் வந்ததற்குக் காரணம் ஒருவர்தான். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், இடதுபக்க முதல் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு அம்மா. குவாத்தமாலாவிலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும். குழந்தைகள் அவரை தியா என்று கூப்பிடும். ஸ்பானிஷில் அத்தை என்று அர்த்தம். அதுதான் அவர் பெயர் என்று நாங்கள் ஒரு வருடம் நினைத்திருந்தோம். ஐந்து தமிழ்க் குழந்தைகள் காலை எட்டு மணிக்கு அங்கே போய் மாலை ஆறுக்குத் திரும்பும். தாய்மார்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் தமிழ் ஒட்டிக்கொண்டது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையோடு பேசுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான்: வா, உக்காரு, வாயைத் தொற, தொடாதே, போதும். இந்த நாட்டில் தங்குவதற்கு அவரிடம் சரியான பேப்பர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் போய்விட்டால் பத்துப் பேர் வேலைக்குப் போக முடியாது என்பதும் தெரியும். இரண்டில் எது எங்களை அந்த ஹாலுக்கு வரவைத்தது என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கூட்டம் முடியும் நேரத்தில் நான் வாய் திறந்தேன். யாரைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒழுங்காகத் தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும் என்றேன். வேலை பார்த்த காலம் முழுவதும் டேட்டாபேஸ்களோடு இருந்தவன். பாராட்டத் தயங்கிய முகம் ஒன்றுகூட இல்லை. ஹாலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் தொழில்தான்.

செவ்வாய்க்கிழமைக்குள் ஆன்லைனில் ஒரு ஷீட்டாகப் பட்டியல் தயாராகிவிட்டது. வீட்டு எண், யார், எத்தனை பேர், காலையில் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், பேப்பர் உண்டா இல்லையா, குறிப்பு. எங்கள் வளாகத்திலும் பக்கத்து வளாகத்திலும் நர்ஸுக்கு சர்ச் வழியாகத் தெரிந்த பதினான்கு வீடுகள். இரண்டாவது பக்கத்தில் சந்தேகப்படும்படியான வண்டிகள்: நிறம், நம்பர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை நின்றது. லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று அமைத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூன்று நாளில் குழுவில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

எண்பத்துமூன்று ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்பதைப் பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். அடிக்கோடு இட்டுப் படித்திருக்கிறேன். அந்த ஷீட்டைத் தயாரித்த மூன்று நாளில் அது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

பிப்ரவரி இரண்டாவது வாரம், புதன்கிழமை, முதன்முதலாக அந்த விலங்கைப் பார்த்தேன். ஷீட்டை யாராவது திறந்து வைத்திருந்தால் மேலே அவர்கள் படம் தெரியும். கணக்குக்குள் நுழையாமல் வெறும் லிங்க்கைத் தட்டி வருகிறவர்களுக்கு ஏதாவது ஒரு விலங்கின் பெயரை அதுவே போட்டுவிடும். அன்று ஒரு நரி. இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் வௌவால். வெள்ளிக்கிழமை ஏதோ தென்னமெரிக்க ஒட்டகம். விலங்கு மாறிக்கொண்டே இருந்தது. நேரம் மட்டும் மாறவில்லை. மதியம் ஒன்றேகால், கொஞ்சம் முன்பின். வார நாட்களில் மட்டும்.

குழுவில் கேட்டேன். எல்லோரும் தாங்கள் இல்லை என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக எனக்குத் தனியாகச் செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். இன்னாரைக் கொஞ்சம் கவனியுங்கள், அவர் போன தேர்தலில் யாருக்குப் போட்டார் தெரியுமா என்று ஒருவர். அந்த ஒருவர் எதற்கு இவ்வளவு ஆர்வமாகக் கேள்வி கேட்கிறார் என்று அந்த இன்னார். கிரீன் கார்டு க்யூவைப் பற்றிக் கேட்டவர்மேல் எனக்கே சந்தேகம் இருந்தது. அவர் லஞ்சுக்கு வெளியே வரும் நேரத்தை இரண்டு நாள் ஜன்னலில் நின்று குறித்தேன். பன்னிரண்டரை. பொருந்தவில்லை என்றதும் எனக்கு வந்தது நிம்மதியல்ல, ஒரு சின்ன ஏமாற்றம்.

இதற்கிடையில் சாம்பல் நிறக் கார். வளாகத்தின் நுழைவாயிலைப் பார்த்தபடி, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், ஒன்பது வேலை நாட்களாகக் காலை ஒன்பது மணியிலிருந்து நின்றது. உள்ளே ஒரு ஆள், மடியில் லேப்டாப், தொப்பி. எல்லாவற்றையும் ஷீட்டின் இரண்டாம் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பத்தாவது நாள் நர்ஸ் நைட் ட்யூட்டி முடிந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், என்னையும் கூட்டிக்கொண்டு நேராகப் போய்க் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது. முப்பத்தைந்து வயதுத் தமிழ் முகம்.

"நீங்க வாட்ஸ்அப் குரூப் அக்காதானே?" என்றார் அவர்.

நர்ஸ் திகைத்துப்போய், இங்கே உட்கார்ந்து என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்டார்.

"வேலை போயிடுச்சு அக்கா. மதுரைலேர்ந்து மாமியார் வந்திருக்காங்க, அவங்களுக்குத் தெரியாது. ஒம்பது மணிக்குப் பையை மாட்டிட்டு ஆபீஸ் போறேன்னு கெளம்பி இங்க வந்து உக்காந்துக்கறேன். வீட்டு வைஃபை இதுவரைக்கும் எட்டுது."

வேலை போனால் இன்னொரு வேலை தேட அறுபது நாள். அதற்குள் கிடைக்காவிட்டால் விசா முடிந்தது. அவருக்கு இன்னும் நாற்பத்தைந்து நாள் இருந்தது. முதலிலேயே எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

என்னைப் பார்த்தார். "நானும் அந்த குரூப்ல இருக்கேன் சார். என் வண்டி நம்பரை ஒங்க ஷீட்ல தெனமும் பாக்கறேன். டைமிங் எல்லாம் கரெக்டா போட்டிருக்கீங்க. என் ஆபீஸ்லகூட இவ்ளோ கரெக்டா போட்டதில்ல."

நர்ஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் ஒரு மனிதனை ஒன்பது நாள் உளவாளியாக எழுதி வைத்திருக்கிறேன். அன்றே அந்த வரியை நீக்கினேன். ஆனால் ஒன்றேகால் மணி விலங்கு அவர்தானா என்று அப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. அன்று மதியம் ஒன்றேகாலுக்கு அவர் நர்ஸ் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஷீட்டில் ஒரு ஆமை வந்து போனது. அதற்குப் பிறகுதான் விட்டேன்.

மார்ச் முதல் வாரம், ஞாயிறு காலை. வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியிடம் இருபதாவது தடவையாக இதைப் புலம்பினேன். பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து, யாரோ தினமும் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள், அதுவும் மணி அடித்த மாதிரி ஒன்றேகாலுக்கு என்று.

"ஒண்ணேகாலா?" என்றாள் அவள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பத்தான் கீழ புள்ளைங்கல்லாம் தூங்கும்."

மெதுவாக, கீழ்வீட்டு அம்மாவுக்கு அந்த லிங்க் எப்படிப் போகும் என்று கேட்டேன்.

"நீங்கதானே அந்தம்மாகிட்ட டைமெல்லாம் சரியா இருக்கான்னு கேக்கச் சொன்னீங்க? என் இங்கிலீஷ்ல நான் எப்படிக் கேக்கறது. லிங்க்கை அப்படியே அனுப்பிட்டேன். ஒங்களுக்காக இவரு எவ்ளோ செய்யறாரு பாருங்கன்னு ஒரு வரி போட்டேன்."

நான்தான் கேட்கச் சொல்லியிருந்தேன். தகவலைச் சரிபார்க்க வேண்டும் என்று. பிப்ரவரி இரண்டாவது வாரம், செவ்வாய்.

மறுநாள் மதியம் ஒன்றேகாலுக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் உடனே திறக்கவில்லை. ஜன்னல் திரை ஒரு விரல் அளவு விலகியது. பிறகு இரண்டு தாழ்ப்பாள்களின் சத்தம். உள்ளே ஹாலில் ஐந்து குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு குழந்தையின் கையில் கடித்த பிஸ்கட். அவர் போன் சாப்பாட்டு மேசையில் கிடந்தது, என் ஷீட் திறந்தபடி.

மன்னிப்புக் கேட்டேன். அவர் தாழ்ந்த குரலில், நிதானமாக, ஆங்கிலத்தில் பேசினார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. இதில் இருப்பது என் பெயரில்லை, ஆனால் வீட்டு எண் சரி, நேரமும் சரி என்றார். எவ்வளவு பேர் இதைப் பார்க்கிறார்கள் என்று மேலே தெரிகிறது. தினமும் அதை எண்ணத்தான் வருகிறேன் என்றார். பிறகு குறிப்பு என்ற கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார். "கணவர்: திருப்பி அனுப்பப்பட்டாரா?" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். இந்தக் கேள்வி யாருக்கு என்று கேட்டார்.

பொதுவாக நான் முழுமையாகத் தெரியாத தகவலுக்குக் கேள்விக்குறி போடுவது வழக்கம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இப்போதே அழித்துவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். எடுத்த கையோடு, எத்தனை பேரை எண்ணினீர்கள் என்றும் கேட்டுவிட்டேன். பழக்கம்.

அவர் என் கையைப் பார்த்தார். "எழுதாதே" என்றார் தமிழில். "போதும்."

குழந்தைகளிடம் சொல்கிற அதே குரல். அவர் கண்முன்னாலேயே ஷீட்டை அழித்தேன்.

அழிந்ததா என்பது வேறு விஷயம். சாம்பல் காரில் இருந்தவரிடம்தான் கேட்டேன். அந்த வேலையில் என்னைவிடப் புதியவர், விவரம் தெரிந்தவர். யாராவது இறக்கி வைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நாங்கள் இருவரும் இரண்டு மாலைப்பொழுதுகள் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். "டெலீட் பண்ணிட்டேன் அங்கிள்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஏழு பேர் தங்களிடம் ஒரு பிரதி இருந்ததையே அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார். திரும்பி வரும்போது, உண்மையில் அழித்தவர்கள் எத்தனை பேர் என்று இருவருமே யோசித்துக்கொண்டு வந்தோம்.

நர்ஸ் வேறு ஏற்பாடு செய்தார். எழுத்தில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கதவுகள் மட்டும் தெரிந்தால் போதும். விசில் கேட்டால் அந்த இரண்டைத் தட்ட வேண்டும். யார் எந்தக் கதவு என்பது மூன்றாம் ஆளுக்குத் தெரியத் தேவையில்லை. என் இரண்டு கதவுகள் எவை என்பதை இங்கேயும் எழுதவில்லை.

மார்ச் மூன்றாவது வாரம், வியாழன், காலை எட்டே முக்கால். விசில் கேட்டது. மாடியிலிருந்து இறங்குவதற்குள் படிக்கட்டில் பதினைந்து பேர் நின்றார்கள். காபிக் கோப்பையோடு சிலர். ஒருவர் காதில் ஹெட்செட்; மீட்டிங்கில் இருந்தபடியே, மியூட் போட்டுவிட்டு வந்திருந்தார். தரைத்தளத்தில் இடதுபக்க முதல் கதவின் முன் உடுப்புக்குமேல் கவசச் சட்டை போட்ட மூன்று பேர். கதவுக்குள் ஐந்து குழந்தைகளும் அவரும்.

நர்ஸ் சுவரோரமாக நின்று, வாரன்ட்டைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். ஒரு தாளைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, இதில் நீதிபதி கையெழுத்து இல்லையே என்றார். அவர்கள் மறுபடி கதவைத் தட்டினார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளே ஒரு குழந்தை அழ, "அழாதே, அழாதே" என்ற குரல் மட்டும் கேட்டது. அந்தக் குழந்தையின் அப்பா எனக்கு இரண்டு படி கீழே நின்றார். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். கிரீன் கார்டு க்யூவைப் பற்றிக் கேட்டவர்தான் அவர். விசில் ஊதியதும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

நின்றோம். படிக்கட்டு நிறைந்து, வாசலுக்கு வெளியே பனிமேட்டின் ஓரம்வரை ஆட்கள் நின்றார்கள். நாற்பத்திரண்டு நிமிடம் கழித்து அவர்கள் போய்விட்டார்கள். யாரும் கை தட்டவில்லை.

ஒன்று மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. அவர்கள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. வீட்டு எண்ணைத்தான் சொன்னார்கள். அதற்கு ஆயிரம் வழி இருக்கும், கார் ரெஜிஸ்ட்ரேஷன், வாடகை ஆபீஸ், பள்ளிக்கூடப் படிவம் என்று நர்ஸ் அடுக்கினார். என் முகத்தைப் பார்க்காமலே அடுக்கினார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து தாய்மார்களிடமும் குழந்தையோடு ஒரு பையைத் திருப்பிக் கொடுத்தார் அந்த அம்மா: மாற்றுத்துணி, போர்வை, பாட்டில். திங்கள் முதல் வர வேண்டாம் என்றார். எங்கே போகிறார் என்று கேட்டதற்கு, போகிறேன் என்று மட்டும் சொன்னாராம். என்னிடம் பெரிய வண்டி இருக்கிறது, சாமான்களோடு கொண்டுபோய் விடுகிறேன் என்று நர்ஸ் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். நர்ஸ் திரும்பி வந்தார்.

"வேண்டாமாம் அண்ணா."

உங்கள் வண்டியில் போகிறாரா என்றேன்.

"அதுவும் வேண்டாமாம். நம்ம விசில் கமிட்டி ஆளுங்க யாரும் வேண்டாம், அந்த கிரே கார்க்காரர் வரட்டும்னுச்சு. அவர் வண்டி நம்பரும் அந்த ஷீட்ல இருந்துச்சு, அதனால அவர் வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டாருன்னுச்சு. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா தப்பில்ல அண்ணா, அந்தம்மா நெனைக்கறது."

சனிக்கிழமை விடியும் முன்பே கிளம்பியிருக்கிறார்கள். நான் எழுந்து பார்க்கும்போது குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கார் இல்லை. கீழ்வீட்டு ஜன்னலில் திரை இல்லை. அன்று முழுவதும் ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன், ஆனாலும் போனேன். மாலை நாலரைக்கு அந்தக் கார் வந்து வழக்கமான இடத்தில் நின்றது. அவர் இறங்கவில்லை. சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது, சனிக்கிழமையும் ஆபீஸ் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தவர். ஆறு மணிக்கு முன் வீட்டுக்குப் போக முடியாது.

கீழே போய்க் கண்ணாடியைத் தட்டினேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மனைவி தோசை வார்த்தாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். நாலரைக்குத் திரும்பியிருக்கிறார், ஐந்து மணிக்குக் கிளம்பியிருந்தால் போக ஐந்தே முக்கால் மணி நேரம், வர ஐந்தே முக்கால் என்று என் மூளை தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தது. நடுவில் பெட்ரோலுக்கு நிறுத்தியிருப்பார். ஒரு வரைபடத்தில் வட்டம் போடுகிற மாதிரி. அதை நிறுத்துவதற்காக அவருடைய இண்டர்வியூ பற்றிக் கேட்டேன். ஒன்றும் சரியாக வரவில்லை, ஏப்ரல் முதல் வாரத்தில் டிக்கெட் போட்டிருக்கிறோம் என்றார். மாமியாருக்கு எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள்.

"அவங்களுக்குத் தெரியும்போல இருக்கு ஆன்ட்டி. நேத்து லஞ்ச் பாக்ஸ்ல ரெண்டு ஸ்பூன் வெச்சிருந்தாங்க, கார்ல ஒண்ணு போட்டு வெச்சுக்கோங்கன்னு."

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் நாலாவது தோசையைப் பிட்டார். ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. யாரும் யாரிடமும் கேட்கிற, அர்த்தமில்லாத ஒன்றைத்தான் கேட்டேன்.

"டிராஃபிக் இருந்துச்சா?"

அவர் கை பாதியில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கேள்வியை ஒரு சாலை வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அப்படிப் பார்க்க வேண்டிய கேள்விதான் அது என்பதும். அடுப்பருகே மனைவி கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

"இருந்துச்சு சார்," என்றார். "எல்லாப் பக்கமும்."